பன்னிரண்டு கிளிக்

அத்தியாயம் 14

"தப்பா எடுத்துக்காதம்மா வெண்ணிலா. வண்டிய வேற எடத்துல காட்டிக்கறேன்."

பொன்னேரி ஹேமாவதி டீச்சர் போனை வைத்துவிட்டார்.

காலை எட்டு மணிக்குள் இப்படி வந்த இரண்டாவது போன் இது. முதல் போன் காட்டூர்காரருடையது.

தப்பாக எடுத்துக்கொள்ளாமல் வேறு எப்படி எடுத்துக்கொள்வதாம்? போன மாதம் இதே டீச்சர் இதே வாசலில் நின்று, "ஸ்பீடு பிரேக்கர் ஏறி எறங்கினதே தெரியலம்மா, உன் கைக்கு வளையல் போடணும்" என்றவர். இன்று அதே கைக்குப் பயப்படுகிறார்.

எல்லாம் வெள்ளிக்கிழமை ஆரம்பித்தது.

அன்று காலை, இறால் பெட்டிகளோடு பொன்னேரிக்குப் புறப்பட்ட மோகன்குமாரின் கார் திருப்பாலைவனத்துக்குக் கொஞ்சம் முன்னால், சிறுபாலத்து மேட்டில் எகிறி, ஒரு பக்கமாகத் திரும்பி நெல் வயலில் இறங்கியது. பின் சீட்டில் இருந்த அவன் அம்மா காந்தாவுக்கு இடது தோள் எலும்பு முறிந்தது. அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில், நர்ஸ், ஆயா, சீட்டு வாங்க நின்றவர்கள் எல்லோர் முன்னாலும் அவன் கையை நீட்டினான். தாலி கட்டிய மனைவி வெண்ணிலாவை நோக்கி.

"தெனம் காலைல எழுந்தா அந்த வண்டிய நோண்டிகினே கெடந்தா. இப்ப பாரு, எங்கம்மாவுக்கு எலும்பு போச்சு!"

சொன்னவன் ஒருவன். வராந்தாவில் நின்றவர்களில் பாதிப் பேர் அவர்கள் ஊரான கோட்டைக்குப்பத்துக்காரர்கள். மாலை பஸ்ஸில் அவர்களோடு அந்தப் பேச்சும் ஊருக்கு வந்து இறங்கியது.

வெண்ணிலா நோண்டியது உண்மைதான். அது அவள் தொழில். கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருஷம் அம்பத்தூரில் ஒரு பட்டறையில், ரேஸ் வண்டிகளுக்கு ஷாக் அப்சார்பர் மாட்டுவதும் பிரிப்பதும் சரி செய்வதுமாக இருந்தவள். பதினோரு ஆண்களுக்கு நடுவில் ஒரே பெண். அவள் வேலையை விட்டு வரும்போது முதலாளி ஒரு செட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தார். ஏதோ ரேஸ்காரர் கழற்றிப் போட்ட நீல நிற ஷாக்குகள். நான்கு. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சின்னக் குமிழ். அதைத் திருகினால் ஷாக் இறுகும், தளரும். திருகும்போது விரலுக்குள் 'கிளிக்' 'கிளிக்' என்று தட்டும்.

அந்த நான்கையும் கணவனின் பழைய காரில் அவளே மாட்டினாள். இந்த வீட்டு முற்றத்தில், பூவரச மரத்தடியில், ஜாக்கி வைத்து. பழவேற்காடு சாலை அன்றிலிருந்து அந்தக் காருக்கு மட்டும் தார் போட்ட மாதிரி ஆகிவிட்டது. எண் குறைந்தால் இறுக்கம், கூடினால் தளர்வு; காலையில் இறால் பெட்டிகளோடு போகும்போது பின் சக்கரத்துக்கு எட்டு கிளிக். சாயங்காலம் காலியாக வந்ததும் பதினாறு. முன்னால் எப்போதும் பன்னிரண்டு. தினமும் ஐந்து நிமிஷ வேலை. அதைப் பார்த்துத்தான் ஒவ்வொருவராக அவளிடம் வண்டி கொண்டுவர ஆரம்பித்தார்கள்.

அந்த நல்ல பெயர் இப்போது போய்க்கொண்டிருந்தது. போன் போனாக.

அவளுக்கு ஒன்றுதான் வேண்டும். அந்த நான்கு குமிழ்களையும் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். அவள் வைத்த எண்ணிக்கையில் அவை இருந்தால் தப்பு அவளுடையது. காந்தாவின் காலில் விழுந்துவிட்டு ஸ்பானரை ஏரியில் எறிந்துவிடலாம். இல்லையென்றால்?

எண்ணத்தான் விடவில்லை. சனிக்கிழமை டிராக்டர் கட்டி இழுத்து வந்து பூவரச மரத்தடியில் நிறுத்தியதுமே மோகன்குமார் வண்டியின் மேல் தார்ப்பாய் போட்டு மூடினான். சாவியை எடுத்துக்கொண்டான். "இதுக்கு மேல நீ அதுல கை வச்ச, நான் மனுசனா இருக்க மாட்டேன்" என்றான்.

இன்று செவ்வாய். பதினோரு மணிக்குப் பழைய வண்டி புரோக்கர் வேதாசலத்தோடு வருகிறான். வண்டி போகப் போகிறது. வேதாசலம் முதல் வேலையாக அந்த ஷாக்குகளைத்தான் கழற்றுவார். கழற்றியபின் கடவுளே வந்தாலும் எண்ண முடியாது.

வெண்ணிலா முற்றத்துக்கு வந்தாள். தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்தாள்.

"ஏய்!"

பக்கத்து வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் மனோரமா. மோகன்குமாரின் அக்கா. கருவாடு புரட்டிக்கொண்டிருந்தவள் இரண்டு கையையும் இடுப்பில் வைத்து நிமிர்ந்தாள்.

"எங்கம்மா ஒரு பக்கக் கைய கழுத்துல கட்டிகினு கெடக்குது. உனக்கு இன்னும் அடங்கலயா?"

"எண்ணிப் பாக்கணும் அண்ணி."

"இன்னாத்த எண்ணுவ? மிச்சம் எத்தினி எலும்பு கீதுன்னா?"

வெண்ணிலா தார்ப்பாயை ஒரே இழுப்பில் இழுத்தாள். முன் பம்பர் தொங்கியது. ஒரு விளக்கு உடைந்து கண் பிதுங்கின மாதிரி இருந்தது. கதவு பூட்டியிருந்தது. பானெட் திறக்கும் பிடி உள்ளே.

"இரு, என் தம்பிக்குப் போன் போடறேன்."

"போடு அண்ணி. ஸ்பீக்கர்ல போடு. நானும் பேசறேன்."

மனோரமா நிஜமாகவே போனை எடுத்தாள்.

அந்த நேரத்தில்தான் மாமனார் பச்சைமுத்து வீட்டுக்குள்ளிருந்து வந்தார். நான்கு நாளும் ஆஸ்பத்திரியில் மனைவி பக்கத்திலேயே தரையில் படுத்திருந்தவர். குளித்து, மாற்றுத் துணி எடுத்துப் போக இன்று முதல் பஸ்ஸில்தான் வந்திருந்தார். சும்மா உட்காரத் தெரியாத மனிதர். பாதியில் விட்ட நண்டு வலையையும் வலை ஊசியையும் தூக்கிக்கொண்டு மரத்தடிக்கு வந்துவிட்டார்.

"இன்னாம்மா சத்தம்?"

"மாமா, வண்டியோட இன்னொரு சாவி உங்க கிட்ட தான கீது?"

"கீதே." அரைஞாண் கயிற்றில் தடவினார். "இந்தா."

அவ்வளவுதான். ஒரு கேள்வி இல்லை. நான்கு நாளாக மோகன்குமார் மறுத்ததை இந்த மனிதர் இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, சப்பணமிட்டு உட்கார்ந்து வலையைத் தொடையில் விரித்தார்.

"நைனா! அவ கையில ஏன் குடுத்த?" மனோரமா வேலியைத் தாண்டி உள்ளே வந்தாள். காதில் போன். "டேய் மோகனு, வண்டிய தொறந்துட்டாடா… ஆமா… நைனாதான் சாவி குடுத்துச்சு… சீக்கிரம் வா."

பானெட் எழுந்தது.

"அண்ணி, இங்க வா. நீயே எண்ணு."

"நான் இன்னாத்துக்கு எண்ணணும்?"

"நான் எண்ணினா பொய் சொன்னேன்னுவீங்க. உன் வாயால எண்ணு. போன்ல வீடியோ புடி."

மனோரமாவுக்குக் கோபம் இருந்தது. ஆனால் வேடிக்கை பார்க்கும் ஆசையும் இருந்தது. போனை நீட்டிப் பிடித்தாள்.

வெண்ணிலா வலப்பக்கக் குமிழில் இரண்டு விரலை வைத்தாள். இரண்டே விரல்தான், எப்போதும். அதற்கு மேல் பலம் வைத்தால் உள்ளே இருக்கும் ஊசி வால்வு நசுங்கிவிடும். "முழுசா மூடற வரைக்கும் எத்தினி தட்டுதுன்னு எண்ணணும். நான் வெள்ளிக்கெழம காலைல பன்னண்டுல வச்சேன்."

கிளிக்.

"ஒண்ணு," என்றாள் மனோரமா வேண்டா வெறுப்பாக.

கிளிக். கிளிக்.

"…பத்து. பதினொண்ணு. பன்னண்டு."

நின்றது.

"பன்னண்டுதான் சொன்னேன்," என்றாள் வெண்ணிலா, குமிழைப் பழையபடி பன்னிரண்டுக்கே திருப்பி வைத்தபடி.

"சரி, சரி. மேல போ."

இடப்பக்கத்துக்குப் போனாள். விரலை வைத்துத் திருகியவள் அப்படியே நின்றாள்.

குமிழ் திரும்பவில்லை. ஒரு கிளிக் கூட இல்லை. கடைசி வரை மூடி, அதற்கு மேலும் முறுக்கியிருந்தது. அலுமினியக் குமிழின் விளிம்பெல்லாம் கட்டிங் பிளேயரின் பல் தடம். அது மட்டுமா, திரும்பிவிடக் கூடாது என்று குமிழைச் சுற்றி நைலான் நூல் கட்டி, பக்கத்து போல்ட்டோடு சேர்த்து முடிச்சுப் போட்டிருந்தது.



டிக்கியைத் திறந்தாள். கம்பளத்தைத் தூக்கினாள். பின்னால் வலப்பக்கம்: எட்டு. மனோரமா எண்ணினாள், இப்போது சத்தமாக. பின்னால் இடப்பக்கம்: பூஜ்யம். பிளேயர் தடம். நூல். அதே முடிச்சு.

"இன்னாடி இது?" மனோரமாவின் குரல் இறங்கியிருந்தது.

"எவனோ கை வச்சிருக்கான் அண்ணி. இடப்பக்கம் ரெண்டையும் கல்லு மாதிரி இறுக்கி வச்சிருக்கான். என் முற்றத்துல வந்து, என் வண்டில, என் வேலைல! நாலு நாளா நான் செருப்படி வாங்கினு கீறேன், செஞ்சவன் எங்கயோ குந்திகினு—"

பேசிக்கொண்டே திரும்பியவள் நிறுத்திவிட்டாள்.

மரத்தடியில் பச்சைமுத்து வலை பின்னிக்கொண்டிருந்தார். அவர் கையிலிருந்த வலை ஊசியில் அதே நூல். இளம்பச்சை நைலான். நண்டு வலைக்கென்று போன வாரம் அவரே போய் வாங்கிவந்த புது நூல்கண்டு. அவர் போட்டுக்கொண்டிருந்த முடிச்சும் அதேதான்.

வெண்ணிலா மரத்தடியை நோக்கி இரண்டடி வைத்தாள்.

"மாமா."

"ம்."

"வண்டிக்குள்ள இந்த நூல கட்டுனது…"

"நான் தான்." பச்சைமுத்து நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இளகாம இருக்கட்டுமேன்னு கட்டுனேன். ஏன், அவுந்துகிச்சா?"

"நைனா, நீ கம்முனு இரு!" மனோரமா பாய்ந்தாள்.

"இன்னாத்துக்குக் கம்முனு இருக்கணும்?" கிழவருக்கு ஒன்றும் புரியவில்லை. "அன்னிக்குக் காலைல பெட்டியெல்லாம் இடப்பக்கமா அடுக்கிட்டான். வலப்பக்கம் உங்கம்மா குந்தணும்ல. வண்டி இடது பக்கமா அமுங்கிச்சு. பாத்தா கண்ணுக்கே ஆவல. லோடு ஏறுனா இறுக்கணும்னு வெண்ணிலா தான சொல்லும்? அது தண்ணி புடிக்கப் போயிருந்துச்சு. சரின்னு நானே இறுக்கிட்டேன்."

"இடப்பக்கம் மட்டுமா மாமா?"

"அமுங்குனது இடப்பக்கம் தான? படகு ஒரு பக்கம் சாஞ்சா அந்தப் பக்கத்ததான பாப்போம். நல்லாக் கீற பக்கத்துல எவனாவது கை வைப்பானா?"

முப்பத்தைந்து வருஷம் ஏரியிலும் கடலிலும் படகு ஓட்டியவர். கரையில் நின்று பார்த்தே எந்தப் படகில் எந்தப் பக்கம் ஒரு கூடை அதிகம் என்று சொல்லக்கூடியவர். சாய்ந்த ஒன்றைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியாது. அதனால்தான் கை வைத்தார்.

வெண்ணிலாவுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. அந்த முகத்தைப் பார்த்தால் கத்த முடியவில்லை. அதுவே இன்னும் எரிச்சலாக இருந்தது.

"மாமா, எழுந்து வாங்க. இங்க கைய வைங்க." முன்னால் வலப்பக்க மூலையைக் காட்டினாள். "அமுக்குங்க."

அமுக்கினார். வண்டி இறங்கியது. கையை எடுத்ததும் ஒரே தடவையில் எழுந்து நின்றது.

"இப்ப இந்தப் பக்கம்."

அமுக்கினார். அசையவில்லை. முழு பலத்தோடு அமுக்கினார். வண்டி முனகிக்கொண்டு அரை விரல் இறங்கியது. மேலே வருவதற்கு ஒரு யுகம் எடுத்துக்கொண்டது.

"பாரத்தைத் தாங்குறது ஸ்பிரிங் மாமா. இது தாங்குறது இல்ல. ஸ்பிரிங்கு துள்ளாம புடிச்சுக்கிறது மட்டும்தான் இதோட வேல. எத்தினி இறுக்கினாலும் வண்டிய இது தூக்காது. சக்கரத்தைத்தான் புடிச்சு வச்சுக்கும். பள்ளம் வந்தா சக்கரம் சட்டுனு கீழ எறங்கணும், எறங்காது. மேட்டுல வலப்பக்கம் ஏறி எறங்கிடுச்சு. இடப்பக்கம் அந்தரத்துலயே நின்னுச்சு. வண்டி ஒத்தக் கால்ல நொண்டி அப்படியே திரும்பிச்சு."

பச்சைமுத்து இரண்டு பக்கமும் மாறி மாறி அமுக்கினார். மூன்று தடவை. நான்காவது தடவை கையை எடுத்து அந்தக் கையைப் பார்த்தார்.

"அப்ப காந்தா எலும்ப ஒடச்சது நானு."

மனோரமா வீடியோவை நிறுத்தினாள்.

"ஊருல இன்னா பேசிக்கறாங்க?" என்று மெதுவாகக் கேட்டார். "நாலு நாளா ஆஸ்பத்திரில பாக்க வர்றவங்க எல்லாம் உன் பேரச் சொல்லி உச்சுக் கொட்டுனாங்க. நான் புருசன் பொண்டாட்டி தகராறுன்னு நெனச்சுகினேன்."

"நான் தான் வண்டியக் கெடுத்தேன்னு பேசிக்கறாங்க மாமா. உங்க புள்ளதான் சொன்னான். அத்தினி பேரு முன்னால."

"மோகனா?" பச்சைமுத்துவின் நெற்றி சுருங்கியது. "அவன் எப்படிச் சொல்லுவான்? அவன் கிட்ட சொல்லிட்டுதான நான் படகு ஏறுனேன்."

வெண்ணிலா மெதுவாகத் திரும்பினாள்.

"இன்னா சொன்னீங்க?"

"டேய், இடப்பக்கம் ரெண்டும் இறுக்கி நூல் போட்டிருக்கேன், எதுக்கும் வெண்ணிலாவ ஒரு வார்த்த கேட்டுகினு எடுன்னேன். சரி நைனான்னான்."

சரி நைனா.

அந்த இரண்டு வார்த்தை அவளுக்குள் இறங்கிய இடத்தில் கொப்புளம் போட்டது. தெரியும். அவனுக்கு வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கே தெரியும். ஆஸ்பத்திரி வராந்தாவில் கையை நீட்டியபோது தெரியும். தார்ப்பாய் போட்டு மூடியபோது தெரியும். எண்ணினால் வெளியே வந்துவிடும் என்பதால்தான் சாவியை எடுத்தான். அதனால்தான் வேதாசலம்.

நான்கு நாள் அவளோடு ஒரே கூரையின் கீழ், அவள் போட்ட சோற்றைத் தின்றுகொண்டு.

வாசலில் ஆட்டோ நின்றது.

மோகன்குமார் குதித்து இறங்கினான். பின்னால் கைப்பையோடு வேதாசலம்.

"வண்டிய ஏன்டி தொறந்த?"

"எண்ணுறதுக்கு."

"உன்ன…" என்று ஆரம்பித்தவன் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். திறந்த பானெட்டைப் பார்த்தான். அக்கா தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்தான். அவன் குரல் பாதியில் வேறு ஆளுடையதாக மாறியது. "உள்ள வா வெண்ணிலா. வீட்டுக்குள்ள பேசிக்கலாம்."

"வராந்தால பேசுனவன் இன்னிக்கு இன்னாத்துக்கு வீட்டுக்குள்ள பேசணும்? இங்கயே பேசு. நைனா உன் கிட்ட சொன்னாரா இல்லையா?"

"சொன்னாரு. நான்… அந்த அவசரத்துல மறந்துட்டேன்."

"மறந்துட்ட. சரி. மறக்கலாம். வயல்ல எறங்குன ஒடனே ஞாபகம் வந்துச்சா இல்லையா?"

அவன் வேதாசலத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"வந்துச்சா?"

"வந்துச்சு! இப்ப இன்னா?" அவன் வெடித்தான். "அம்மா கத்துது, நர்ஸு கேக்கறாங்க, அத்தினி பேரும் என் மூஞ்சியப் பாக்கறான். டிரைவர் நானு. வாயில உன் பேரு வந்துடுச்சு. வந்த வார்த்தய எப்படி வாபஸ் வாங்கறது?"

"வாபஸ் வாங்க வேணாம். தார்ப்பாய் போட்டு மூடலாம். புரோக்கர கூட்டினு வரலாம்."

"யாருக்காக செஞ்சேன்? நைனாவுக்காக! நைனா யாரு? இந்த ஊருல ஏரில மீன் புடிக்கற மொறைக்குச் சீட்டுக் குலுக்கி, யாருக்கு என்னிக்கு வலைன்னு பிரிச்சுக் குடுக்கற பெரிய மனுசன். பச்சைமுத்து காரைப் படகுன்னு நெனச்சுகினாருன்னு சின்னப் பசங்க சிரிக்கணுமா? உனக்கு இன்னா போச்சு? நாலு நாளு பேசுவாங்க, அப்புறம் மறந்துடுவாங்க. உன் பேரு தான?"

"என் பேரு தான."

அவள் அதைக் கத்தவில்லை. அவன் சொன்னதையே திருப்பிச் சொன்னாள். மனோரமா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"உன் பேருக்கு விலை கீது. உங்க நைனா பேருக்கு விலை கீது. என் பேரு தான்! ஆறு வருசம் அந்தப் பட்டறையில ஆம்பளைங்க நடுவுல ஒக்காந்து சம்பாதிச்ச பேருயா அது. ஹேமாவதி டீச்சர் வேணான்னுட்டாங்க. காட்டூர்காரர் வேணான்னுட்டாரு. நாளைக்கு எவன் வண்டி எங்க கவுந்தாலும் கோட்டைக்குப்பத்துப் பொம்பள கை வச்சாளான்னு கேப்பான். அது நாலு நாளுல மறக்குமா?"

"இன்னாப்பா," என்று வேதாசலம் தொண்டையைக் கனைத்தார். "வண்டி கீதா இல்லியா? நான் இன்னும் ரெண்டு எடம் போவணும்."

"இல்ல," என்றார் பச்சைமுத்து.

வலையைச் சுருட்டி மரத்தடியில் வைத்தார். கொடியில் கிடந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். எல்லாப் பித்தானும் போட்டார். தெருவில் இறங்கினார்.

"நைனா, எங்க போற?"

"பேசறதுக்கு."

"யார் கிட்ட?"

அவர் கோயில் பக்கம் நடந்தார்.

கோட்டைக்குப்பத்தில் அம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை உண்டு. உள்ளே ஒரு ஆம்ப்ளிஃபையர், ஒரு மைக். வெளியே மூன்று குழாய் ஸ்பீக்கர்: கோயில் மேல் ஒன்று, கரையில் ஒன்று, பஸ் நிற்கும் இடத்தில் ஒன்று. புயல் வந்தால் அதில்தான் சொல்வார்கள். இன்று ஏரியில் யாருக்கு முறை என்பதையும் அதில்தான் சொல்வார்கள். சொல்கிறவர் பெரும்பாலும் பச்சைமுத்துதான். அந்தக் குழாயில் அவர் குரல் வந்தால் ஊர் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்கும்.

ஸ்பீக்கர் கொரகொரத்தது.

"கோட்டைக்குப்பம் ஜனங்களுக்கு… பச்சைமுத்து பேசறேன்."

தெருக்குழாயில் குடம் வைத்திருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். கரையில் வலை உதறிக்கொண்டிருந்த கைகள் நின்றன. வானம் தெளிவாக இருந்தது. புயல் இல்லை. பின்னே என்ன?

"வெள்ளிக்கெழம எங்க வண்டி வயல்ல எறங்குனது எல்லாருக்கும் தெரியும். எம்மருமவ வெண்ணிலா வண்டியக் கெடுத்துட்டாள்னு பேசிகினு கீறீங்க. அது வச்ச எடத்துல அது சரியாத்தான் வச்சிருந்துச்சு. அதுக்கு அப்புறம் நான் போயி இறுக்குனேன். இடப்பக்கம் ரெண்டையும். பிளேயர் போட்டு. படகு மாதிரின்னு நெனச்சுட்டேன். தப்பு என்னுது. என் பொஞ்சாதி எலும்பு ஒடஞ்சதுக்கு நான் தான் காரணம்."

முற்றத்தில் வெண்ணிலாவின் கை பானெட்டின் விளிம்பை இறுகப் பிடித்திருந்தது. அழுகை வரும் என்று பார்த்தாள். வரவில்லை.

மோகன்குமார் முற்றத்தில் இல்லை. எப்போது ஓடினான் என்று அவள் கவனிக்கவில்லை.

"இன்னொண்ணும் சொல்லணும்," என்றது குழாய். "இறுக்குனத நான் ஒருத்தன் கிட்ட சொன்னேன். அன்னிக்கே சொன்னேன். அவன் யாருன்னா—"

டப்.

சத்தம் அறுந்தது.

வெண்ணிலா ஓடினாள். கிரீஸ் கையோடு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கருவாட்டுப் பாயை மிதித்துக்கொண்டு. அவளுக்குப் பின்னால் மனோரமா. அவளுக்குப் பின்னால், காரணம் தெரியாமலே, வேதாசலம்.

மைக் அறையில் பச்சைமுத்து செத்த மைக்கைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். மோகன்குமாரின் உள்ளங்கை ஆம்ப்ளிஃபையர் சுவிட்சை மூடியிருந்தது. மூச்சு வாங்கியது.

"கைய எடு," என்றாள்.

"போதும் வெண்ணிலா. நைனா சொல்லிட்டாரு. உன் பேரு சரியாப் போச்சு. உனக்கு அதான வேணும்? இத்தோட உடு. நாம குடும்பம் நடத்தணும்."

"அவரு தெரியாம செஞ்சாரு. தெரிஞ்ச அந்த நிமிசமே வந்து சொல்லிட்டாரு. நீ தெரிஞ்சே செஞ்ச. பாதியோட நான் வீட்டுக்கு வந்தா, மீதி நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல தெனமும் படுத்துக் கெடக்கும். அது எனக்கு வேணாம்."

"ஊரு முன்னாலயா?"

"என்னைய ஊரு முன்னாலதான சொன்ன?"

அவன் கையை அவளே நகர்த்தினாள். அவன் தடுக்கவில்லை. சுவிட்சைப் போட்டாள். சிவப்பு விளக்கு எரிந்தது. வெளியே மூன்று குழாயும் ஒன்றாகக் கொரகொரத்தன.

பச்சைமுத்து மகனைப் பார்த்தார். சீட்டுக் குலுக்கும்போது ஒருவனுக்கு அவன் முறையை எடுத்துக் கொடுப்பதுபோல மைக்கை நீட்டினார்.

மோகன்குமார் வாங்கிக்கொண்டான்.

வாசலை ஆட்கள் அடைத்துவிட்டார்கள். குடத்தோடு பெண்கள். கரையிலிருந்து வந்த ஈரக் கால்கள். மனோரமா முன்னால் நின்றாள். தம்பியைப் பார்க்காமல் கதவு நிலையைப் பார்த்தாள்.

அவன் அப்பாவைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். வெண்ணிலா அவனைப் பார்க்கவில்லை. அந்தச் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது அணையாமல் காவல் இருக்கிறவளைப் போல.

மைக்கை வாயருகே கொண்டுபோனான்.

கோயில் மேலிருந்தும், கரையிலிருந்தும், பஸ் நிற்கும் இடத்திலிருந்தும், கோட்டைக்குப்பம் முழுக்க ஒரு ஆணின் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.